எண்ணாமல் அளவறிதல்

மூன்று புளியங்கொட்டைகளைக் கண்டதும், விரல் வைத்து எண்ணாமலே "மூன்று" என்று சொல்வது எண்ணாமல் அளவறிதல் ஆகும். 1871-இல் ஆங்கிலேய அறிஞர் ஜெவான்ஸ் பெட்டியில் அவரை விதைகளை வீசித் தம் கண்ணையே சோதித்தார். நான்கு வரை பிழையில்லை, ஐந்தில் தவறினார்.

காரைக்கால் வீடுகளின் பல்லாங்குழியிலும் நான்குக்கே மதிப்பு. ஆட்டத்தின் நடுவே குழியில் நான்கு சேர்ந்தால் அது "பசு". உரியவர் உடனே எடுக்க வேண்டும். எண்ணிக்கொண்டிருந்தால் ஐந்தாவது விழுந்து பசு போய்விடும்!

நூறு வரை ஒப்பிக்கும் குழந்தை, "மூன்று கொடு" என்றால் கைநிறைய அள்ளித் தருவதை வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன். மூன்று வயதில் இரண்டு, மூன்றோடு நிறுத்தலாம். கொட்டைகளை நொடிப்பொழுது காட்டி, துணியால் மூடி, "எத்தனை?" என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வையுங்கள். இல்லையேல் குழந்தை வடிவத்தை மனப்பாடம் செய்துவிடும். கொட்டை வாய்க்குள் போகாமல் பக்கத்திலேயே இருங்கள்.