குடியானவர் குடும்பமும் மாற்றுத்திறனாளிக் குழந்தையும்

ஊத்துக்குளி என்றவுடனே வெண்ணெயும் நெய்யும் நினைவுக்கு வராதவர் கொங்கு நாட்டில் இல்லை. எருமை வளர்ப்பில் இவ்வட்டாரத்துக் குடியானவருக்குள்ள தேர்ச்சி நெடுங்காலத்தது. எருமை ஈன்ற வீட்டில், கன்று ஓரிரு மணி நேரத்திற்குள் எழுந்து நின்று மடியைத் தேடுகின்றதா என்பதை வீட்டுக்காரர் அருகிலிருந்தே கவனிக்கிறார். கன்று எழாவிடில் அன்றே கால்நடை வைத்தியருக்கு ஆள் போகிறது. இதில் நாள் கடத்துவோரை நாம் கண்டதில்லை.

ஆனால் அதே வீட்டில் பேரக்குழந்தைக்கு ஒரு வயது கடந்தும் தானாக உட்கார முடியவில்லையெனில் நடப்பது வேறு. “இவங்கப்பனும் ரெண்டு வயசுக்கு மேலதானுங்க நடந்தான், தானா வந்துருமுங்க” என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லுகின்றனர். ஈராண்டு, மூவாண்டு இவ்வாறே கழிகின்றன. பின்பு, “எல்லாம் தலையெழுத்துங்க” என்று திண்ணையில் ஓரிடம் அக்குழந்தைக்கென ஒதுக்கப்படுகின்றது. ஏனைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற்கும், பின்னர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் செல்ல, இப்பிள்ளை மட்டும் அத்திண்ணையிலேயே வளர்ந்து முதிர்கின்றது.

இந்நிலை தவிர்க்கத்தக்கது. அத்தகைய குழந்தைக்குரிய வைத்தியமும், கல்வியும், பொருளுதவியும் சட்டத்தால் வகுக்கப்பட்டுள்ளன. ஆயினும், கேட்போருக்கே அவை கிட்டுகின்றன. அவற்றை எங்கே, எவ்வரிசையில் கேட்டுப் பெறுவது என்பதையும், நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தரும் செய்யத்தக்கது யாது என்பதையும் இங்கே எடுத்துரைப்போம்.

சட்டம் யாரைக் குறிக்கின்றது?

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். இவர்களில் ஏறத்தாழ 1.86 கோடிப் பேர் கிராமவாசிகள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர் கணக்கெடுக்கப்பட்டனர். ஆகவே இது முக்கியமாய்க் கிராமத்தின் காரியம். குடியானவர் குடும்பத்தின் காரியம்.

முன்னாளில் வழங்கிய இழிவான பெயர்களை விடுத்து, 2010-ஆம் ஆண்டு முதல் நமது மாநிலத்தில் ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல்லே அரசாங்கத்தால் ஆளப்படுகின்றது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. அதற்கு மாறாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 19-4-2017 முதல் அமலுக்கு வந்து, 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. பார்வை, செவி, கை கால் ஆகியவற்றின் குறைபாடுகளோடு, மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, புற உலகச் சிந்தனையின்மை எனப்படும் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு, அரிவாளணு ரத்தசோகை முதலியனவும் இதில் அடங்கும். குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாதென மருத்துவச் சான்று பெற்றவருக்கே பெரும்பாலான சலுகைகள் உரியன.

காலத்தில் கண்டறிதல்

பருவம் தவறி விதைத்த வயலுக்கு எவ்வளவு எருவிட்டாலும் முழு விளைச்சல் காண்பதரிது. குழந்தையின் மூளையும் உடலும் முதல் ஆறு ஆண்டுகளில் வளர்வது போல் பின்னர் வளர்வதில்லை. ஆதலின் பின்வரும் அடையாளங்களைத் தாய்மாரும் பாட்டிமாரும் மனத்திற்கொள்ள வேண்டும்.

குழந்தை இரண்டு மாதத்திற்குள் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான்கு அல்லது ஐந்து மாதத்தில் தலை நிற்க வேண்டும். ஆறு மாதத்தில் ஓசை வந்த பக்கம் திரும்ப வேண்டும். ஒன்பது மாதத்தில் பிடிப்பின்றி உட்கார வேண்டும். ஒன்றரை வயதிற்குள் நடக்கவும், ஒருசில சொற்களைப் பொருளறிந்து சொல்லவும் வேண்டும். சிறிது முன்பின் ஆவது இயல்பே. ஆயினும் மிகவும் தாமதமானால் பரிசோதனை செய்விப்பது அவசியம். பரிசோதனையில் குறையில்லை எனத் தெரிந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை; குறை இருந்து காலம் தவறினால் அந்த நஷ்டம் ஈடு செய்ய முடியாதது.

பேசாத குழந்தையை ‘ஊமை’ என்று தள்ளிவிடுவது பெரும் பிழை. பெரும்பாலும் அக்குழந்தைக்குக் காது கேளாமையால்தான் பேச்சு வரவில்லை. செவிக்கருவியாலோ, உட்செவிக் கருவி பொருத்தும் அறுவையாலோ, தொடர்ந்த பேச்சுப் பயிற்சியாலோ பல குழந்தைகள் பேசக் கற்கின்றனர். அவ்வறுவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குச் செய்யப்படுகின்றது. ஆனால் ஆறு வயதிற்கு மேற்பட்டால் அந்த வாய்ப்பு கைநழுவி விடும்.

2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழுவினர் வந்து பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கின்றனர். குறை காணப்பட்டால், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்புகின்றனர். மருத்துவக் குழு வரும் நாளில் இத்தகைய குழந்தையை வீட்டில் மறைத்து வைப்பது, அதற்குச் செய்யும் தீங்காகும்.

வருமுன் காத்தலும் நம் கையில் உண்டு. போலியோ நோய் ஒரு காலத்தில் கிராமந்தோறும் கால்களை முடக்கியது. இந்தியாவில் அதன் கடைசி நிகழ்வு 2011 ஜனவரியில் காணப்பட்டது. 2014 மார்ச்சில் நம் நாடு போலியோவற்றதென அறிவிக்கப்பட்டது. சொட்டு மருந்தின் பயன் இது. ரூபெல்லாத் தடுப்பூசி, கருவுற்றோருக்குப் போலிக் அமில மாத்திரை, பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு உடனே வைத்தியம் ஆகியன இவ்வகையினவே. அக்காள் மகள், மாமன் மகள் என்று நெருங்கிய உறவில் தலைமுறைதோறும் மணம் முடிப்பதால் பிறவிச் செவிட்டுத்தன்மையும் வேறு சில பரம்பரைக் குறைகளும் மிகுதியாகும் என்பதையும் குடும்பப் பெரியோர் எண்ணிப் பார்த்தல் நன்று.

முதற் காரியம்: சான்றும் அட்டையும்

நிலத்திற்குப் பட்டா எப்படியோ, மாற்றுத்திறனாளிக்குத் தேசிய அடையாள அட்டை அப்படி. இதுவின்றி எந்த உதவியும் முழுமையாய்க் கிட்டாது. ஆதார் அட்டை, புகைப்படம், இருப்பிடச் சான்று ஆகியவற்றுடன் இணையவழியாக விண்ணப்பிக்க வேண்டும். தாமே செய்ய இயலாதோர் இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். பின்னர் அரசு மருத்துவமனையிலோ, அவ்வப்போது நடைபெறும் சிறப்பு முகாமிலோ மருத்துவர் பரிசோதித்துக் குறைபாட்டின் அளவைக் குறித்துச் சான்றளிப்பார்.

திருப்பூரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமே இவ்விஷயங்களுக்கெல்லாம் தலைமையிடம். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மாதாந்திரப் பராமரிப்புத் தொகை, மாணவருக்கு உதவித்தொகை, சக்கர நாற்காலி, செவிக்கருவி, செயற்கை அவயவம், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், தையல் இயந்திரம் முதலியவற்றுக்கு அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். தொகைகளும் தகுதிகளும் அரசாணைகளால் அவ்வப்போது மாறுவன. ஆகையால் அலுவலகத்தில் நேரில் கேட்டறிந்துகொள்வதே உசிதம். மாற்றுத்திறனாளியும் துணைக்குச் செல்லும் ஒருவரும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்ல 2021 முதல் ஏற்பாடு உள்ளது.

பள்ளிக்கூடம்

“இதுக்குப் படிப்பு எதுக்குங்க?” என்பது அடிக்கடி காதில் விழும் கேள்வி. சட்டம் இதற்கு விடை கூறிவிட்டது. 6 முதல் 18 வயது வரை, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறைபாடுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் அருகிலுள்ள பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாய்க் கற்கும் உரிமையுண்டு. ‘இக்குழந்தையைச் சேர்க்க இயலாது’ என்று கூற அரசின் பள்ளிக்கோ, அரசுதவி பெறும் பள்ளிக்கோ அதிகாரமில்லை.

ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையம் இயங்குகின்றது. அங்கே சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் உளர். பள்ளிக்கு வந்து கற்க இயலாத குழந்தைக்கு வீட்டிற்கே சென்று பயிற்றும் ஏற்பாடும் உண்டு. பொதுத் தேர்வில் எழுத இயலாதோருக்குச் சொல்வதை எழுதும் துணையாள், கூடுதல் நேரம், சில வகையினருக்கு ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு ஆகியவை அளிக்கப்படுகின்றன. இவற்றைத் தேர்வு நெருங்கிய பின் கேட்பதில் பயனில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் விண்ணப்பம் தரல் வேண்டும்.

சிறப்புப் பள்ளிகள் நமது நாட்டிற்குப் புதியன அல்ல. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலேயே பள்ளிகள் தோன்றின. விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தை இந்திய மொழிகளுக்குப் பொதுவாக்கிய ‘பாரதி பிரெயில்’ 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழ்ப் பாடநூல்களும் அவ்வெழுத்தில் கிடைக்கின்றன. நமக்கு அணித்தாகக் கோயமுத்தூர் பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் சிறப்புக் கல்வியில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வருகின்றது. பல குறைபாடுகள் ஒருங்கே உடையோருக்கெனச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-ஆம் ஆண்டு முதல் ஒரு தேசிய நிறுவனம் இயங்குகின்றது.

ஆய்க்குடி காட்டும் வழி

பட்டணத்தில்தான் இவையெல்லாம் நடக்கும், கிராமத்தில் நடவா என்பாருக்குத் தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியைச் சுட்டலாம். அவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் கோயமுத்தூரில் பொறியியல் பயின்றவர். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சிச் சோதனையில் கீழே விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்திற்குக் கீழ் செயலிழந்தார். அவர் தமது ஊருக்கே திரும்பி, 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கிய அது, இன்று பள்ளிகள், வைத்திய உதவி, தொழிற்பயிற்சி எனப் பரந்து, சுற்றுக் கிராமங்களின் வீடுகளுக்கே சென்று குழந்தைகளைக் கவனித்து வருகின்றது. தசைச் சிதைவு நோயுற்ற பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் அவருக்குத் துணையாய் இணைந்து பணியாற்றி வருகிறார். இராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. படுக்கையிலிருந்தும் சக்கர நாற்காலியிலிருந்தும் ஒரு வட்டாரத்திற்கே வழி காட்ட முடியுமென்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தொழிலும் நிலமும்

கற்ற பின் பிழைப்பு யாது? விவசாயக் குடும்பத்தில் செய்யத்தக்க வேலை பல உண்டு. கறவை மாடு, ஆடு, கோழி வளர்ப்பு, நாற்றங்கால், காளான் வளர்ப்பு, விதை தெரிந்தெடுத்தல், பால் கணக்கு எழுதுதல் ஆகியன அவரவர் இயல்புக்கேற்ப ஏற்கத்தக்கவை. பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டுதல், செக்கிங், பேக்கிங் முதலியன உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடியவை. அரசுப் பணியில் 4 விழுக்காடும், அரசு மற்றும் அரசுதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. அரசுத் திட்டங்களில் விவசாய நிலமும் வீடும் ஒதுக்கும்போது 5 விழுக்காடு இவர்களுக்கு உரியது என்பது நம் வாசகர் பலர் அறியாத செய்தி.

இனி, நிலமுடையோர் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது பாகப்பிரிவினை. “அவனுக்கு எதுக்குங்க பூமி? அண்ணன் தம்பிக பார்த்துக்குவாங்க” என்று குறைபாடுடைய மகனையோ மகளையோ பத்திரத்தில் விட்டுவிடும் வழக்கம் உண்டு. பெற்றோர் உள்ளவரை சோற்றுக்குக் குறைவிராது. அவர்கள் காலத்திற்குப் பின் அப்பிள்ளை, ஒவ்வோர் அண்ணன் வீட்டு வாசலிலும் மாறி மாறி நிற்க நேர்கின்றது. சொத்தை உடைமையாக வைத்திருக்கவும், பரம்பரையாய்ப் பெறவும் மாற்றுத்திறனாளிக்குப் பிறரைப் போன்றே உரிமையுண்டென 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாய்க் கூறுகின்றது. ஆகவே பங்கைக் குறைப்பது தருமத்திற்கும் சட்டத்திற்கும் ஒவ்வாது.

அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினர் 18 வயது எய்திய பின், தேவையாயின் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி சட்டப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட உள்ளூர்க் குழு இதைச் செய்கின்றது. பாதுகாவலர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலையும், பின் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் ஒப்புவிக்க வேண்டும். இந்நால்வகையினருக்கு ‘நிராமயா’ என்னும் ஒரு லட்ச ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடும் உள்ளது. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே இவற்றை முடித்துவிடல் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர் கவனத்திற்கு

1. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் அங்கன்வாடிப் பணியாளரின் துணை கொண்டு, ஊரிலும் தோட்டத்துச் சாளைகளிலுமுள்ள மாற்றுத்திறனாளிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, ஆண்டுதோறும் திருத்திவர வேண்டும்.

2. அடையாள அட்டை இல்லாதோரை முகாம் நாளுக்கு முன்பே அறிந்து, அழைத்துச் செல்ல வண்டி வசதி செய்தல் வேண்டும்.

3. பள்ளி, ஊராட்சி அலுவலகம், நியாய விலைக் கடை ஆகியவற்றில் படிக்கட்டோடு சாய்தளமும் இருக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

4. பொதுவிடத்தில் ஒருவரை அவரது குறையைச் சொல்லி வேண்டுமென்றே இழிவுபடுத்துவது ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமென்பதை ஊராருக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

5. ஒவ்வோர் ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராய் நியமிக்க வகை செய்யும் சட்டத்திருத்தம் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அவ்விடத்திற்குத் தகுதியானவரை விண்ணப்பிக்கத் தூண்டல் வேண்டும்.

நிலச்சுவான்தார் ஒருவர் தமது வண்டியில் ஒரு நாள் ஒரு குழந்தையைத் திருப்பூருக்கு அழைத்துச் சென்றால் ஆகும் செலவு சொற்பம். அதனால் ஒரு குடும்பம் அடையும் நன்மையோ ஆயுள் முழுவதும் நிற்பது. கன்று எழாத அன்றே வைத்தியரைத் தேடும் நமது குடியானவர், குழந்தை எழாத போதும் அவ்வாறே தேடுவாராயின், திண்ணையில் முடியும் வாழ்வு நம் ஊர்களில் அருகி மறையும். இம்மாதத்திலேயே, அடையாள அட்டையில்லாத ஒருவரேனும் அதைப் பெறும்படி செய்ய ஒவ்வொரு வாசகரும் முன்வருவாராக.