கட்டடத்துக்குள் செல்போன் சிக்னல்

செல்போன் கம்பி இல்லாமல் பேசுகிறது. எப்படி? வானொலி அலைகள் மூலம் பேசுகிறது. இந்த அலைகள் கண்ணுக்குத் தெரியாது. டவரிலிருந்து போனுக்கு வரும். போனிலிருந்து டவருக்குப் போகும். இதைத்தான் சிக்னல் என்கிறோம்.

வெட்டவெளியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். பெரிய கட்டடத்துக்குள் குறைந்துவிடும். ஏன்?

கான்கிரீட் சுவர் அலைகளைத் தடுக்கிறது. லிஃப்ட் ஓர் இரும்புப் பெட்டி. அதுவும் தடுக்கிறது. தரைக்குக் கீழே உள்ள தளத்தைச் சுற்றிலும் மண். அங்கே சிக்னல் நுழைவது மிகவும் கடினம்.

டெல்லி, மும்பை போன்ற நகரங்களில் இத்தகைய கட்டடங்கள் நிறைய உண்டு. அவற்றின் கீழ்த்தளத்தில் காவலாளிகள் வேலை செய்கிறார்கள். துப்புரவுப் பணியாளர்களும் வேலை செய்கிறார்கள். அங்கே தீப்பிடித்தால் என்ன செய்வது? 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் சிக்னல் இருந்தாலும் இந்த அழைப்பு போகும். ஒரு சிக்னலும் இல்லை என்றால் போகாது. ஆகவே சிக்னல் வெறும் வசதி அல்ல. அது உயிர்ப் பாதுகாப்பு.

இதற்கு வழி உண்டு. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக வீடு வீடாக வருகிறது அல்லவா? அதுபோல் சிக்னலையும் தளம் தளமாகக் கொண்டு போகலாம்.

முதலில் பொறியாளர்கள் அளவுக் கருவியுடன் கட்டடம் முழுவதும் நடப்பார்கள். சிக்னல் குறைந்த இடங்களை வரைபடத்தில் குறிப்பார்கள். பிறகு ஓர் அறையில் முதன்மைக் கருவியை வைப்பார்கள். செல்போன் நிறுவனத்தின் சிக்னல் கண்ணாடி இழைக் கேபிள் வழியாக அங்கே வந்து சேரும். அங்கிருந்து எல்லாத் தளங்களுக்கும் கேபிள் போகும். கூரையில் சிறிய ஆண்டெனாக்களைப் பொருத்துவார்கள். அவை கவிழ்த்த கிண்ணம்போல் இருக்கும். ஒவ்வொன்றும் அருகில் உள்ள இடத்துக்கு மட்டும் சிக்னல் தரும். அதனால் குறைந்த சக்தியே போதும். மின்சாரம் நின்றாலும் கருவி இயங்க பேட்டரி வேண்டும். கடைசியில் மீண்டும் நடந்து அளந்து பார்ப்பார்கள்.

ஒரே அமைப்பைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகச் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை.

சிலர் கடையில் 'பூஸ்டர்' வாங்கித் தாங்களே மாட்டுகிறார்கள். இது தவறு. அனுமதி இல்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம். அது டவரின் வேலையைக் குழப்பும். அக்கம்பக்கத்தாரின் அழைப்புகள் துண்டிக்கப்படும். நம் வீட்டுக்குச் சிக்னல் வேண்டும் என்று ஊர் சிக்னலைக் கெடுக்கலாமா?

2024-இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி, செல்போன், இணைய வசதியைப் பார்த்துக் கட்டடங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்கலாம். இனி வீடோ கடையோ வாங்குபவர் தண்ணீர் வருமா, மின்சாரம் வருமா என்று கேட்பதுபோல் சிக்னல் வருமா என்றும் கேட்கலாம்.

வெள்ளை அடிக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் இந்தக் கேபிளை வெட்டிவிடக் கூடாது. ஒரு கேபிள் அறுந்தால் ஒரு தளமே பேச்சை இழக்கும். வேலை செய்யும் இடத்தில் சிக்னல் இல்லையா? எந்த இடத்தில் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். ஆபத்து வரும்வரை காத்திருக்க வேண்டாம்.