தைராய்டு மாத்திரையை நிறுத்துவதற்கு முன்...

“ரிப்போர்ட்ல நார்மல்னு வந்திடுச்சு. இனி எதுக்கு மாத்திரை?” தைராய்டுக்கு மருந்து எடுக்கும் பலரும், குறிப்பாகப் பெண்கள், ஏதோ ஒரு கட்டத்தில் இப்படிக் கேட்கிறார்கள். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அதுவும் எத்தனை வருஷம் என்று தெரியாமல். சலிப்பு வரத்தான் செய்யும். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கான பதில் இன்றைய ரிப்போர்ட்டில் இல்லை. மாத்திரையை முதன்முதலில் எதற்காகத் தொடங்கினார்கள் என்பதில் இருக்கிறது.

நார்மல் என்றால் குணமாகிவிட்டதா?

தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாதபோது, அதை முடுக்கிவிட மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. லெவோதைராக்சின் மாத்திரை அந்தக் குறையை ஈடுகட்டியதும் டி.எஸ்.எச். இறங்கிவிடும். அதாவது, மாத்திரை போடுவதால்தான் ரிப்போர்ட் நார்மல். சுரப்பி தேறிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

“நானே நிறுத்திப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை” என்று சிலர் சொல்வார்கள். இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும். அதனால் முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகுதான் அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முக வீக்கம், மாதவிலக்குக் கோளாறு, மறதி எல்லாம் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். கொலஸ்ட்ராலும் ஏறும். முதியவர்கள் மாதக்கணக்கில் மருந்தில்லாமல் இருந்து, நடுவில் ஏதாவது தொற்று வந்தால், நினைவு தப்பி உயிருக்கே ஆபத்தாகலாம்.

யார் நிறுத்தவே கூடாது?

அறுவை சிகிச்சையில் தைராய்டு முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கும், கதிரியக்க அயோடின் சிகிச்சையால் சுரப்பி செயலிழந்தவர்களுக்கும் இது வாழ்நாள் மருந்து. ஹாஷிமோட்டோ நோயால் சுரப்பி சிதைந்தவர்களில் பெரும்பாலோருக்கும் அப்படியே. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் விவரித்த நோய் இது. உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது. பிறவியிலேயே குறைபாடுள்ள குழந்தைக்கு முதல் மூன்று வயதுவரை மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் பேச்சே கூடாது. மூளை வளரும் காலம் அது.

கர்ப்பிணிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். “வயிற்றில் குழந்தை இருக்கும்போது மாத்திரை எதற்கு?” என்று வீட்டுப் பெரியவர்கள் பரிவோடு சொன்னாலும் நிறுத்தாதீர்கள். கர்ப்பம் உறுதியானதுமே பலருக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

யாருக்கு வாய்ப்பு உண்டு?

பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி பலருக்கு ஓராண்டுக்குள் தணிந்துவிடும். லித்தியம் போன்ற மருந்துகளால் வந்த குறைபாடு, அந்த மருந்தை மாற்றியபின் சிலருக்குச் சரியாகும். டி.எஸ்.எச். 10-க்குக் கீழே சற்றே கூடி, டி4 (தைராக்சின் ஹார்மோன்) இயல்பாக இருந்தபோதே மாத்திரை தொடங்கியவர்களும் உண்டு. இவர்களில் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மாத்திரையால் அசதியோ பிற தொந்தரவுகளோ குறையவில்லை. மாறாக, தேவைக்கு மிஞ்சிய தைராக்சின் முதுமையில் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பையும் தேய்க்கும். ஆகவே இவர்கள் “எனக்கு இது இன்னும் தேவையா?” என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால்

படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் இருந்தால் அளவு கூடியிருக்கலாம். அப்போது தேவைப்படுவது பெரும்பாலும் அளவைக் குறைப்பதுதான். மாத்திரை போட்டும் பலன் தெரியாவிட்டால், எப்படிப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். போட்ட கையோடு காபி குடித்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. முடிக்காகப் பயோட்டின் சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லையேல் ரிப்போர்ட்டே தவறாக வரலாம்.

டாக்டர் சம்மதித்து நிறுத்தினாலோ குறைத்தாலோ, 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். அப்போது சரியாக இருந்தாலும் சில மாதம் கழித்து மறுபடியும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் பார்ப்பது நல்லது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் போங்கள். அதுவரை மாத்திரையை விடாதீர்கள்.