இலண்டனுக்கு அருகே ஓர் உரோம நகரம்

கல்வியின் பொருட்டு இலண்டன் மாநகரில் வாழும் நம் மாணவர் பலர்க்கு, அறை வாடகையும் உணவுச் செலவும் போக மிஞ்சுவது சொற்பமே. ஊர் பார்ப்பது செல்வர்க்குரிய பொழுதுபோக்கு என்றெண்ணி, அறையிலும் நூலகத்திலுமே ஆண்டுகளைக் கழித்துப் பட்டத்துடன் தாயகம் திரும்புவோரும் உளர். வாழ்ந்த நாட்டை அறியாமல் மீள்வது பெருநட்டமன்றோ? அத்தகையோர் ஒரே நாளிற் சென்று மீளத்தக்க ஊர் சென்ற் ஓல்பன்ஸ்.

சென்ற் பான்கிறாஸ் நிலையத்தில் விரைவு வண்டி ஏறினால், ஏறத்தாழ 20 நிமிடங்களில் அங்கு இறங்கலாம். வேலை நாட்களிற் காலை நெரிசல் கழிந்த பின்னரும், வார இறுதியிலும் கட்டணம் குறைவு. இளைஞர்க்குரிய புகையிரதச் சலுகை அட்டை இருப்பின், அதிலும் மூன்றிலொரு பங்கு மிச்சமாகும். நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்குக் கால்மணி நேர நடையே. மதிய உணவைப் பொதியாகக் கட்டிச் செல்வது சிக்கனம். புதன், சனிக்கிழமைகளிற் சந்தை கூடுமாதலால், பழமும் பாணும் அங்கேயே வாங்கலாம்.

இவ்வூர்க் குன்றின் அடியில், உரோமர் அமைத்த வெருலேமியம் என்னும் நகரம் இருந்தது. கி.பி. 60 அல்லது 61 இல், உரோமரை எதிர்த்தெழுந்த பூடிக்கா அரசியின் படை அதனைத் தீக்கிரையாக்கிற்று. மீண்டும் எழுந்த அந்நகரின் மதில் எச்சங்களை இன்று பரந்ததொரு பூங்காவிற் காணலாம். தரையின் கீழ் வெப்பக் காற்றைச் செலுத்தி அறையைச் சூடாக்கிய அமைப்பும், சிறு கற்கள் பதித்த சித்திரத் தளமும் அங்கே ஒரு கட்டடத்துள் காக்கப்படுகின்றன. இவற்றைக் காணக் காசு வேண்டியதில்லை. அருங்காட்சியகத்துக்கும் பழைய நாடக அரங்குக்கும் கட்டணம் உண்டு. கையிருப்பை நோக்கி முடிவு செய்க.

குன்றின்மேல் நிற்பது, உரோமர் காலத்தில் உயிர்த்தியாகம் செய்தவராகப் போற்றப்படும் அல்பனின் பேராலயம். 1077 இல் இதனைக் கட்டத் தொடங்கியோர், பாழடைந்த வெருலேமியத்தின் செங்கற்களையே எடுத்துப் பயன்படுத்தினர். அச்செங்கற்களாலான கோபுரம் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. 1539 இல் இங்கிருந்த மடம் கலைக்கப்பட்டது. அதன் கட்டடங்கள் பெரும்பாலும் அழிந்தன. ஆலயம் மட்டும் பிழைத்தமைக்குக் காரணம், 1553 இல் ஊரவர் 400 பவுண் கொடுத்துத் தம் வழிபாட்டுக்கென அதனை வாங்கியமையே. அரசன் கைவிட்டதை ஊர் காத்தது! உட்சென்று காணக் கட்டணமில்லை. விரும்பியோர் இயன்றதை உண்டியலில் இடுவர்.

தமிழ் மாணவர்க்கு இங்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1930களின் தொடக்கத்தில் வெருலேமியத்தை அகழ்ந்தோர் மோட்டிமர் வீலரும் அவர் துணைவியார் தெசா வீலரும் ஆவர். அதே மோட்டிமர் வீலர் பின்னர் இந்தியத் தொல்பொருள் துறைக்குத் தலைவராகி, 1945 இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தார். இத்தாலிய மட்கலங்களும் மதுச்சாடிகளின் உடைந்த பகுதிகளும் ஆங்கு வெளிப்பட்டு, தமிழகக் கரைக்கும் உரோமப் பேரரசுக்கும் இருந்த வாணிகத்தை உலகறியச் செய்தன. பனி படர்ந்த வடபுலத்து ஊரும் நம் கடற்கரை ஊரும் ஒரே வரலாற்றில் இணைவதை, அப்பூங்காவில் நிற்கும்போது உணரலாம்.

பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிய பெற்றோர், மாதத்தில் ஒரு நாளேனும் இவ்வாறு வெளியே சென்றுவருமாறு அவர்களுக்கு எழுதுதல் நன்று. நடைக்கேற்ற சப்பாத்தும், ஒரு பொதி உணவும், புறப்படுமுன் அவ்வூரைப் பற்றிப் படித்தறிந்த சில பக்கங்களும் இருந்தாற் போதும்.