ஜாம்தானிச் சேலை

வங்க மாதர் உடுக்கும் சேலைகளுள் நெசவு நுட்பத்தால் தலைசிறந்தது ஜாம்தானி. இதன் தாயகம், இன்று வங்காள தேசத்தில் உள்ள டாக்கா நகரை அடுத்த சீதலட்சியா ஆற்றங்கரை. ஆற்றினின்று எழும் ஈரக்காற்று மெல்லிய பருத்தி இழையை அறாது காக்கும். இழைகளுக்குப் பொரிக்கஞ்சி ஊட்டுவதும் உண்டு.

குழித்தறியின்முன் இருவர் அருகருகே அமர்வர். வலப்பக்கம் இருப்பவர் ஆசான். இடப்பக்கம் இருப்பவன் மாணாக்கன். நாடா ஒருமுறை ஓடியதும், பூ அமைய வேண்டிய இடத்தில் மட்டும் பாவிழைகளை எண்ணி, சற்றுத் தடித்த நூலைச் சிறு குச்சியின் துணைகொண்டு கையாலே கோப்பர். துணிமேல் கோலம் வரைந்திராது. எத்தனை இழை விட்டு எத்தனை இழை எடுப்பது என்பதை ஆசான் வாய்மொழியாகச் சொல்ல, மாணாக்கன் கேட்டு நெய்வான். ஆதலின் இதனைக் கண்ணால் கற்கும் கலை என்பதினும் செவியால் கற்கும் கலை என்பதே பொருந்தும். சாய்வரிசையாய்ப் பூ அமைந்த கோலத்தைத் 'தேர்ச்சா' என்பர். மற்றொன்று 'பன்னா ஹஜார்', அதாவது ஆயிரம் மரகதம். உடல் முழுதும் பூ நிறைந்த சேலை முடியப் பல மாதங்கள் செல்லும்.

யுனெஸ்கோ நிறுவனம் 2013-இல் இக்கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. எனினும், விசைத்தறிப் போலிகள் குறைந்த விலைக்கு விற்கின்றன. உண்மை அறிய விரும்புவோர் சேலையைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். கைந்நெசவாயின் இருபுறமும் பூ ஏறக்குறைய ஒருபடியாகவே விளங்கும். போலியின் பின்புறத்திலோ அறுபட்ட நூல்முனைகள் தோன்றும். வாங்குவோர் பலர் விலையையே நோக்குகின்றனர். நெசவாளர் மக்களும் நிலையான கூலி நாடி ஆடை ஆலைகளுக்குச் செல்கின்றனர். ஆசானின் இடப்பக்கத்தில் அமர ஆள் கிடைப்பது அரிதாகி வருகிறது.