பெரட்டுக்களமும் தரவு நிலையமும்

ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என விரியும் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த முதியோருக்குப் 'பெரட்டு' என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. பொழுது புலருமுன் தொழிலாளர் வரிசையாக நிற்பர். பெயர் அழைக்கப்படும். இருப்பவர் குரல் கொடுப்பர். கிராணியார் செக்ரோல் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். குரல் வராத பெயருக்கு அன்றைய கூலி இல்லை. பல நூறு ஏக்கரில் பரந்து கிடக்கும் வேலையை ஓரிடத்தில் நின்று அறியவே இவ்வழக்கம் அமைந்தது.

இன்று தரவு நிலையங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளைக் கண்காணிக்கும் முறையும் இதே நோக்கத்தில் பிறந்ததாகும். பெரட்டை அறிந்தவருக்கு அம்முறை எளிதில் விளங்கும். பெரட்டின் குறைகளை அறிந்தவருக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

தரவு நிலையம் யாது?

தரவு நிலையம் என்பது கணினிகளைக் குடிவைப்பதற்கென்றே எழுப்பப்பட்ட கட்டடம். ஆளுயர இரும்புச் சட்டங்களில் அவை அடுக்கடுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும். வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, பள்ளி வருகைப் பதிவு ஆகியவற்றைச் சேமித்து வைத்து, கேட்பவருக்கு வழங்குவது இவற்றின் தொழில். ஆதலின் ஒவ்வொன்றும் 'வழங்கி' எனப்படும். பல வழங்கிகள் பிணைந்து ஒரே வேலையைச் செய்யும்பொழுது அவற்றுள் ஒவ்வொன்றும் 'கணு' எனப்படும். கரும்பிலும் மூங்கிலிலும் தண்டின் பகுதிகள் கூடுமிடத்தைக் கணு என்பது தமிழ் வழக்கு. வலைப்பின்னலில் இழைகள் கூடுமிடத்துக்கும் அச்சொல் பொருந்தி நிற்கிறது.

சிலாங்கூரில் இத்தகைய நிலையங்கள் மிகுந்த நகர் 1997ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சைபர்ஜெயாவாகும். அதன் அண்டை நகரான புத்ராஜெயா, முன்னர்ப் பிராங் பெசார் ரப்பர்த் தோட்டமாயிருந்த நிலத்தில் எழுந்தது. பால்மரங்கள் நிரை நிரையாக நின்ற வட்டாரத்தில் இன்று வழங்கிகள் நிரை நிரையாக நிற்கின்றன.

கணுக்கள் பேர் கொடுக்கும் விதம்

கண்காணிப்பு இருவகைப்படும். கண்காணிக்கும் கணினி குறித்த இடைவெளிதோறும் ஒவ்வொரு கணுவையும் அழைத்துக் கேட்பது ஒருவகை. இதுவே பெரட்டு முறை. கணுக்கள் தாமாகவே சில நொடிகளுக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' எனச் செய்தி விடுப்பது மற்றொரு வகை. இச்செய்தியை 'இதயத்துடிப்பு' என்பர். ஒரு கணினி மறுமொழி தருகிறதா எனக் கேட்டறியும் 'பிங்' என்னும் சிறு நிரலை 1983ஆம் ஆண்டு மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அது வழக்கிலிருக்கிறது.

வெறுமனே பேர் கொடுத்தால் போதாது. வேலைச்சுமை எவ்வளவு, நினைவகத்திலும் வட்டிலும் மீதமுள்ள இடம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, விசிறி சுழலும் வேகம் எவ்வளவு என்பனவற்றையும் கணு அறிவித்தல் வேண்டும். இதற்கென வழங்கியின் தாய்ப்பலகையில் தனியே ஒரு சிறு கணினி பதிக்கப்பட்டிருக்கும். பெரிய கணினி செயலிழந்து கிடந்தாலும், மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை இச்சிறு கணினி விழித்திருக்கும். தொலைவிலிருந்தே பெரிய கணினியை நிறுத்தவும் மீண்டும் இயக்கவும் இதனால் முடியும்.

இவ்வாறு வந்துசேரும் செய்திகள் யாவும் ஒரே திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் காட்டப்படும். அத்திரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் டேஷ்போர்டு. குதிரையின் குளம்பு வாரியிறைக்கும் சேறு வண்டியோட்டியின்மேல் படாமல் தடுத்த பலகைக்கே முதலில் அப்பெயர் இருந்தது. பின்னர் அது மோட்டார் வண்டியில் வேகமானி பதித்த பலகைக்கு ஆகி, அதன்பின் கணினித் திரைக்கும் ஆயிற்று. சேற்றை மறந்து, செய்யும் வேலையை நோக்கிப் பெயரிடுவதாயின் தமிழில் 'கண்காணிப்புப் பலகை' எனலாம்.

மௌனத்தின் பொருள்

ஒரு கணுவிடமிருந்து குரல் வரவில்லை. அது செத்துவிட்டதா? அப்படியும் இருக்கலாம். ஆயினும் கம்பி அறுந்திருக்கலாம். வேலை மிகுதியால் மறுமொழி தாமதித்திருக்கலாம். கணு நலமாயிருக்க, செய்தி அனுப்பும் சிறு நிரல் மட்டும் நின்றிருக்கலாம். பலகையில் இவை நான்கும் ஒரே சிவப்பாகவே தெரியும்.

ஆகவே நன்கமைந்த முறை ஓர் அழைப்பு தவறியவுடன் முடிவு கட்டுவதில்லை. இரண்டு மூன்று அழைப்புகள் தவறிய பின்னரே ஐயம் கொள்ளும். வேறு வழியாகவும் கேட்டுப் பார்க்கும். ஒரு சட்டத்திலுள்ள நாற்பது வழங்கிகளும் ஒரே நொடியில் மௌனமானால், நாற்பதும் கெட்டன என்று கொள்ளாது, அவற்றை இணைக்கும் கருவியையே முதலில் ஐயுறும். ஒரு லயத்திலிருந்து ஒருவரும் பெரட்டுக்கு வராத நாளில், வழியிலுள்ள பாலம் வெள்ளத்தில் மூழ்கியிருக்குமோ என்று எண்ணுபவரே நல்ல கிராணியார்.

அவசர முடிவால் வரும் கேடு சிறிதன்று. மௌனமான கணுவின் வேலையை மற்றொன்றுக்குக் கொடுத்துவிட்ட பிறகு, முதற்கணு உயிரோடுதான் இருந்தது எனத் தெரியவந்தால் என்ன ஆகும்? இரண்டும் தாமே உரியவர் என எண்ணி, ஒரே கணக்கில் இருவேறு விதமாக எழுதும். கணக்கு குழம்பும். இதனைத் தவிர்க்கவே, முதற்கணுவின் மின்சாரத்தை முழுதும் துண்டித்த பின்னர்த்தான் அதன் வேலையைப் பிறிதொன்றுக்கு மாற்றுவது வழக்கமாயிற்று.

சராசரியும் ஏமாற்றும். நூறு கணுக்களில் 99 கணுக்கள் 30 விழுக்காட்டுச் சுமையுடனும், ஒன்று 100 விழுக்காட்டுச் சுமையுடனும் இயங்கினால் சராசரி 30.7 விழுக்காடுதான். பலகை பசுமையாய்த் தோன்றும். அந்த ஒரு கணுவிடம் வேலையை ஒப்படைத்தவரோ காத்துக் கிடப்பார்.

சிங்கப்பூர் தந்த பாடம்

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் சிங்கப்பூரில் ஒரு தரவு நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதுற்றது. மேம்பாட்டுப் பணியின்போது குளிர்நீர்த் தொட்டிகளின் அடைப்பான்களை மூடுமாறு தவறாகச் சென்ற ஒரு கட்டளையே அதற்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. அறைகளின் வெப்பம் ஏறிற்று. அந்நிலையத்தை நம்பியிருந்த இரு பெரும் வங்கிகளின் சேவைகள் தடைப்பட்டன. ஏறத்தாழ 25 இலட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறாமற்போயின.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. வழங்கிகளுக்குள் இழுக்கப்படும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருத்தல் நலம் என்பது துறையினர் கொண்ட அளவு. ஆகவே வழங்கியை மட்டும் பார்த்தால் போதாது. அதனைக் குளிர்விக்கும் நீரையும் பார்த்தல் வேண்டும். இது முதலாவது. இரண்டாவது, மாற்று நிலையங்களுக்கு மாறிக்கொள்ள முயன்றபொழுதும் அவ்வங்கிகளுக்குச் சிக்கல்கள் எழுந்தன. அவசரத்துக்கென ஒதுக்கி வைத்ததையும் அவ்வப்பொழுது பேர்சொல்லி அழைத்துப் பார்க்காவிடில், வேண்டிய நாளில் அது குரல் கொடுக்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஓராண்டில் 99.9 விழுக்காடு நேரம் இயங்குவோம் என உறுதி கூறுவது பெரிதாகத் தோன்றலாம். அதன்படியும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் நின்றுபோக இடமுண்டு. 99.99 என்றால் அது 52 நிமிடமாகக் குறையும். அந்நிமிடங்கள் மருத்துவமனையில் வருமாயின் அவற்றின் எடை வேறு.

எச்சரிக்கை மிகுந்தாலும் தீங்குண்டு. நாளொன்றுக்கு நூறு முறை வீணே ஒலிக்கும் மணியை, நூற்றோராம் முறை எவரும் செவிமடுப்பதில்லை. எனவே எதற்கு ஆளை எழுப்ப வேண்டும், எதனைக் காலைவரை விட்டுவைக்கலாம் எனப் பகுத்து வைப்பது இத்துறையில் தலையாய வேலையாகக் கருதப்படுகிறது. கண்காணிக்கும் கணினியே நின்றுபோனால் பலகை பழைய பச்சையைக் காட்டிக்கொண்டிருக்கக் கூடும். ஆதலின் அதனைக் கண்காணிக்க வேறிடத்தில் வேறொரு கணினி வைக்கப்படுகிறது.

வகுப்பறையில்

இன்று மலேசியப் பள்ளிகளில் மாணவர் வருகை இணையவழியே பதியப்படுகிறது. ஜெராம் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் காலையில் ஆசிரியர் ஒரு பெயருக்கு நேரே 'வரவில்லை' எனக் குறித்தால், அக்குறி எங்கோ ஒரு வழங்கியில் போய் அமர்கிறது. அவ்வழங்கி நலமா என்பதைப் பலகை கண்டு சொல்லும். அக்குழந்தை ஏன் வரவில்லை என்பதை அது சொல்லாது. காய்ச்சலா, பேருந்து வரவில்லையா, வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா என்பது கேட்டால்தான் தெரியும்.

செக்ரோல் காலத்தில் குரல் வராத பெயருக்கு நேரே கோடு இழுப்பதோடு கிராணியாரின் வேலை முடிந்தது. காய்ச்சலில் கிடந்தவருக்கும் கோடு ஒன்றே, கூலியிழப்பும் ஒன்றே. இயந்திரங்களைக் காப்போர், மௌனத்துக்குக் காரணம் கேளாமல் தீர்ப்பு எழுதுதல் கூடாது என்பதைப் பட்டறிந்து இன்று விதியாகவே வைத்துள்ளனர். கணினிக்குக் காட்டப்படும் இப்பொறுமை, வருகைப் பதிவேட்டில் இருக்கும் பிள்ளைக்கும் உரியது.