தண்டவாளப் பித்து – 9: தலைகீழாய்க் கிடந்த இன்ஜின்

இந்த வாரம் லயனல் பொம்மை ரயிலின் ஊதலைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். வாக்களித்தது வாஸ்தவம்தான், ஆனால், செவ்வாய்க்கிழமை இரவு மேஜையின்மீது கழற்றி வைத்த ஓர் ஓ கேஜ் இன்ஜினின் வயிற்றுக்குள் கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பல்லுருளையைக் கண்டது முதல் வேறெதிலும் புத்தி செல்ல மறுக்கிறது. ஜோஷுவா லயனல் கோவன் 1901-ல் நியூயார்க் கடைக் கண்ணாடிக்குள் ஓடவிட்ட சரக்குப் பெட்டியும், நடுவில் மூன்றாவது தண்டவாளம் வந்த காரணமும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இல்லாதவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ரயில் என்றால் முன்னும் போக வேண்டும், பின்னும் வர வேண்டும். பாட்டரியில் ஓடும் இக்காலத்துச் சிறு மோட்டாருக்கு இது ஒரு பொருட்டல்ல. கம்பிகளை இடம் மாற்றினால் எதிர்ப்புறம் சுழலும். ஆனால் டிரான்ஸ்பார்மர் வழியே அமெரிக்க வீட்டு ஏ.ஸி. மின்சாரத்தில் ஓடிய அந்நாளைய பொம்மை இன்ஜினிலோ நிலைக்காந்தம் கிடையாது. வெளிக்காயிலும் உள்ளே சுழலும் ஆர்மெச்சூரும் ஒரே வரிசையில் பிணைக்கப்பட்டிருந்தபடியால், வினாடிக்கு 120 தடவை மின்சாரம் திசை மாறும்போதெல்லாம் இரண்டின் காந்த முனைகளும் சேர்ந்தே மாறி, சுழற்சி மட்டும் பழைய பக்கமே நிலைத்து நிற்கும். ஏ.ஸி.யில் அது எரியாமல் ஓடியதற்குக் காரணமான அதே குணமே, வெளியிலிருந்து எத்தனை தடவை கம்பியை மாற்றினாலும் பின்னோக்கி நகர மறுத்ததற்கும் காரணம். இரண்டில் ஒன்றை மட்டும், அதுவும் இன்ஜினுக்குள்ளேயே, திருப்பியாக வேண்டும்.

ஆதியில் இதற்கு இன்ஜினில் ஒரு கைப்பிடி வைத்தார்கள். பையன் ரயிலை நிறுத்தி, எழுந்து போய், குனிந்து அதைத் தள்ள வேண்டும். தானே டிரைவர் என்ற பிரமையில் லயித்திருக்கும் சிறுவனுக்கு, ஆகாயத்திலிருந்து தன் கையே ராட்சசக் கையாய் இறங்கி ரயிலைப் பிடிப்பதைக் காட்டிலும் ரசபங்கம் வேறுண்டோ!

இதற்குப் பரிகாரம் கண்டது லயனல் அல்ல. கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த அதன் பழைய போட்டியாளரான ஐவ்ஸ் கம்பெனி. 1924-ல் அவர்கள் இன்ஜினுக்குள் வைத்த யுக்தி இதுதான்: செங்குத்தாய் நிற்கும் ஒரு காயிலுக்குள் இரும்புத்துண்டு ஒன்று தொங்குகிறது, மின்சாரம் வந்ததும் அது மேலே இழுக்கப்பட்டு, தன்னோடு இணைந்த கொக்கியால் பல்லுருளையை ஒரு பல் தள்ளுகிறது, மின்சாரம் நின்றதும் தன் எடையாலேயே கீழே விழுந்து அடுத்த தள்ளலுக்குக் காத்திருக்கிறது. உருளையின்மேல் பதித்த செப்புத் தகடுகளை மெல்லிய உலோக விரல்கள் தொட்டுக்கொண்டிருக்க, ஒவ்வொரு பல் நகர்விலும் முன்னோட்டம், ஓய்வு, பின்னோட்டம், மீண்டும் ஓய்வு என்று இணைப்பு மாறுகிறது. ஓய்வு நிலையில் விளக்கு எரிய, காயில் உறும, இன்ஜின் மட்டும் நிற்கும். நிஜமான ஸ்டேஷனில் புறப்படுமுன் நிற்கும் இன்ஜினை அது ஒத்திருப்பது திட்டமிட்டதோ தற்செயலோ, எனக்கு அதில் ஓயாத ஆனந்தம்.

என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினைத் தலைகீழாகக் கிடத்திக் கம்பி கொடுத்தேன்; சக்கரம் சுழன்றது. துண்டித்துக் கொடுத்தேன், அதே பக்கமே சுழன்றது. பிரஷ்களைத் துடைத்தேன், விரல்களைச் சீர் செய்தேன், செய்தவனைத் திட்டினேன். நள்ளிரவுக்குமேல் சலித்துப்போய் நிமிர்த்தித் தண்டவாளத்தில் வைத்தேன். 'டக்' என்றது, நின்றது. மறு 'டக்'கில் பின்னோக்கி நகர்ந்தது. விழ வேண்டிய இரும்பைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு அது விழவில்லையே என்று தவித்தவன் நான்!

காயில் என்றதும் வெர்மாண்ட் கொல்லர் தாமஸ் டேவன்போர்ட் குறுக்கே வருகிறார். 1830-களில் வட்டத் தண்டவாளத்தில் பாட்டரியால் ஒரு சிறு வண்டியை ஓட்டிக் காட்டி, 1837-ல் மின்மோட்டாருக்கு அமெரிக்க உரிமம் பெற்றவர். காந்தத்தின் கம்பிகள் ஒன்றையொன்று தொடாதிருக்க அவர் மனைவி எமிலி தம் கல்யாணப் பட்டு உடையைக் கிழித்துக் கொடுத்தாராம். இவ்வாரம் இதற்கு இடமில்லைதான். ஆனாலும் விட மனம் வரவில்லை.

ஐவ்ஸுக்கு யுக்தி இருந்தது, பணம் தங்கவில்லை. 1928-ல் அது திவாலானபோது லயனலும் மற்றொரு பொம்மை ரயில் கம்பெனியான அமெரிக்கன் ஃப்ளையரும் கூட்டாக வாங்கின; உருளையும் லயனல் வசமாயிற்று. அதன் பின்னர் 400ஈ போன்ற இன்ஜின் எண்களின் வாலில் ஒட்டிய 'ஈ' எழுத்து இந்த உறுப்புக்கான அடையாளம். உருளையைச் செய்தவர்களின் பெயர் 1930-களின் தொடக்கத்திலேயே கடைகளிலிருந்து மறைந்துவிட்டதை நான் நியாயமென்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1935-ல் வந்த ஊதல், ஏ.ஸி.யின்மேல் சிறிது டி.ஸி.யை ஏற்றிச் செய்த வித்தை. அது அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள், விளக்கு மட்டும் எரிந்து ஓடாத பழைய லயனல் இன்ஜின் யாரிடமாவது இருந்தால், காயலான் கடைக்குப் போடாதீர்கள். உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோலை மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். யாரோ அதை ஓய்வு நிலையில் பூட்டி வைத்திருக்கலாம். உருளைக்கு மட்டும் எண்ணெய் விடாதீர்கள்.